எதற்கும் ஒரு கொக்கி

மே 12

மூட்டை கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்த காலத்தில் லூதியானா, சூரத், கொல்கத்தா என்று மாதத்தில் பாதி நாள் ரயிலில்தான் குடியிருந்தேன். என் பெட்டியில் இல்லாத சாமான் இல்லை. சங்கிலிப் பூட்டு, மடக்கு வாளி, துணி காயப்போட நைலான் கயிறு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கதவு திறக்காமல் அடியில் செருக ரப்பர் ஆப்பு, ஜவுளிக்கடையில் சட்டை தொங்கவிடுகிற எஸ் கொக்கி. கூட வருகிறவர்கள் கேலி பண்ணுவார்கள். செருப்பு அறுந்ததும் ஊசி நூலுக்கு என்னிடம்தான் வந்து நிற்பார்கள்.

அந்தப் பெட்டி ஒன்றரை வருஷமாகப் பரணில் கிடந்தது. இன்று இறக்கித் துடைத்தேன். தம்பிக்குக் கல்யாணம். காங்கேயத்தில் மண்டபம். சென்னையிலிருந்து நான் போகிறேன்.

என் வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏம் மரகதம், அன்னைக்கு ஒருநாள் மட்டும் போனை வெச்சு வீடியோல பாத்துக்கலாமே?" என்றார்.

"உங்க கல்யாணத்தை வீடியோலயா பாத்தீங்க?" என்று கேட்டேன். பெட்டியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

மே 13

நாளைக்கே யாராவது இந்த நோட்டைப் படித்தால் புரியட்டும் என்று எழுதி வைக்கிறேன். எனக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வயிற்றில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். மருந்துத் தண்ணீர்ப் பை ஒன்றை உயரத்தில் மாட்டி வயிற்றுக்குள் விடவேண்டும். சில மணி நேரம் உள்ளே இருந்து அழுக்கை இழுத்துக்கொள்ளும். பிறகு அதை வடித்துவிட்டு அடுத்த பை. ஒரு நாளைக்கு நாலு தடவை. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை, வீட்டிலேயே நானே செய்துகொள்கிறேன். ஒரே நிபந்தனை சுத்தம். கை கழுவி, முகமூடி போட்டு, காற்றாடியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டுத்தான் தொடவேண்டும். வடிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் நிம்மதி. கலங்கி வந்தால் கிருமி புகுந்துவிட்டது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

அவ்வளவுதான் விஷயம். இதற்காக ஒரு மனுஷி ஒன்றரை வருஷம் வாசலைத் தாண்டாமல் இருப்பதா? டாக்டரிடம் கேட்டேன். சுத்தம் மட்டும் தவறாமல் பார்த்துக்கொண்டு போய் வாருங்கள் என்றார்.

மே 15

தம்பி பேசினான். கார்வேந்தனுக்கு முப்பத்தொன்பது வயது. அம்மாவும் அப்பாவும் போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான், நான்தான் வளர்த்தேன். எனக்கு வேறு பிள்ளை இல்லை. தென்னந்தோப்பும் மாடும் வைத்திருக்கிற பையனுக்கு எங்கள் பக்கத்தில் இப்போது பெண் கிடைப்பது லேசில்லை. நான் நடமாடிய காலத்தில் ஏறாத வீடில்லை, பார்க்காத தரகரில்லை. கடைசியில் இந்துமதி கிடைத்தாள். திருப்பூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற பெண்.

"யக்கா, இணைச்சீருக்கு நீ வந்துருவயில்ல? நீ வராட்டி பெரியப்பா மகளை நிக்க வெக்கலாங்கறாங்க. எனக்கு அது வேண்டாம்."

எங்கள் கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் இல்லாமல் இணைச்சீர் இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் அவன் பக்கத்தில் நான் நின்றாக வேண்டும். பிறகுதான் அவன் இன்னொருத்திக்குப் புருஷன்.

"நானில்லாம எவடா நிப்பா? ஆனா ஒண்ணு, என்ற உடம்பப் பத்தி உன்ற மாமனார் வீட்ல மூச்சு விடக்கூடாது. தாலி ஏறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"சரி" என்று இழுத்தான்.

அவனுக்கு விவரம் பத்தாது. மாப்பிள்ளையின் அக்காளுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று தெரிந்தால் பெண் வீட்டார் முதலில் என்ன கேட்பார்கள்? பரம்பரை வியாதியா என்பார்கள். அடுத்து, இவன் ஒன்றை அறுத்துக் கொடுத்துவிடுவானோ என்று பயப்படுவார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் பயப்படுவது நியாயம்தான். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, அவர் கொடுக்க முடியாது. தம்பி அப்போதே வந்து நின்றான். அவனுடைய ரத்தம் எனக்குச் சேராது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை எனக்கு முதுகு வலி.

மே 20

ஒத்திகை. காரை அபார்ட்மெண்ட் நிழலில் நிறுத்திவிட்டு, பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு பையை மாற்றிப் பார்த்தேன். ஜன்னலுக்கு மேலே கைப்பிடி இருக்கிறதல்லவா, அதில் எஸ் கொக்கியை மாட்டி, கொக்கியில் பையை மாட்டினால் சரியான உயரம். வடிகிற பை காலடியில். ஏசி நிறுத்தம். இவரும் முன் சீட்டில் முகமூடியோடு ஆடாமல் அசையாமல் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். பையைச் சூடு பண்ண மின்சாரமே வேண்டாம், டேஷ்போர்டில் துண்டு சுற்றி வைத்தால் சென்னை வெயிலே போதும்.

வாட்ச்மேன் கண்ணாடியில் எட்டிப் பார்த்து, "சார், அம்மாவுக்கு டிரிப்ஸ் ஏத்துறீங்களா?" என்றார். சேலைத் துணியில் நாலு திரை தைத்துவிட்டேன். இனி எவனும் எட்டிப் பார்க்க முடியாது.

மே 24

பெட்டிகளுக்குப் பெயரட்டை போட்டாயிற்று. பிளாஸ்டிக் உறைக்குள் பெயர், போன் நம்பர், ரத்த வகை. இது என் பழைய வழக்கம், பாதி தூக்கத்தில் கேட்டாலும் செய்வேன். எனக்கு பி பாசிட்டிவ், இவருக்கு ஏ பாசிட்டிவ். பொண்ணு மாப்பிள்ளை ஊட்டிக்கோ மூணாறுக்கோ போகும்போது ஆகட்டும் என்று அவர்களுக்கும் ஒரு ஜோடி நல்ல தோல் அட்டை வாங்கிப் பெயர் பொறித்தேன். தம்பிக்கு ஓ பாசிட்டிவ். இந்துமதிக்கு என்ன வகை என்று கேட்டு அனுப்பினேன். "ஏபி பாசிட்டிவ்ங்க நங்கை" என்று பதில் வந்தது. புருஷனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறது.

மே 30

பிரச்சினை மருந்துப் பெட்டிகள். மொத்தம் நாலு அட்டைப்பெட்டி. ஒவ்வொன்றின் மேலும் ஆஸ்பத்திரிப் படம், கொட்டை எழுத்து. இதை மண்டபத்துக்குள் தூக்கிப்போனால் கேட்காதவன் பாவம்.

யோசித்தேன். பளபளவென்று பரிசுக் காகிதம் வாங்கி நாலையும் சுற்றினேன். ஓரத்தில் ரிப்பனும் வைத்தேன். கல்யாண மண்டபத்தில் பரிசுப் பெட்டியை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? என் மூளைக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

இவர் மட்டும், "இது சரியா வருமா?" என்றார். இவருக்கு எதுதான் சரியாக வந்திருக்கிறது!

ஜூன் 2

தண்ணீர் தெளிவு. மனசும்.

ஜூன் 4

இதை மண்டபத்து மூன்றாம் நம்பர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலிலிருந்து எழுதுகிறேன்.

விடியற்காலை கிளம்பினோம். உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, திரையை இழுத்துவிட்டு, காலைப் பையை மாற்ற உட்கார்ந்தேன். எல்லாம் ஒத்திகைப்படி. ஒரு லாரிக்காரன் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தான் பாருங்கள், கை உதறிப் பையின் மூடி கீழே விழுந்துவிட்டது. விழுந்தது விழுந்ததுதான், அந்தப் பையைத் தொடக்கூடாது. கைப்பையில் உபரியாக வைத்திருந்த ஒன்றை எடுத்து மாட்டினேன். இதற்குத்தான் உபரி என்று இவரிடம் பெருமையாகச் சொன்னேன். மீதி எல்லாம் டிக்கியில், அந்த நாலு பெட்டிக்குள்.

மத்தியானம் மண்டபம் வந்து சேர்ந்தோம். ஒன்றரை வருஷம் கழித்துச் சொந்தபந்தத்தைப் பார்க்கிறேன். ஆளாளுக்குக் கட்டிப்பிடித்து, "முதுகு எப்படி இருக்குது மரகதம்?" என்றார்கள். முதுகுக்கு என்ன, ராஜா மாதிரி இருக்கிறது! மண்டபத்து ஆட்கள் சாமான்களை இறக்க வந்தார்கள். "எல்லாம் மூணாம் நம்பர் ரூமுக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். இந்துமதியைப் பார்த்துத் தோல் அட்டைகளைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அறைக்கு வந்தேன். சூட்கேஸ் இருந்தது. மடக்கு வாளி இருந்தது. தலையணை இருந்தது. நாலு பெட்டியும் இல்லை.

கூடத்தில் மைக் சத்தம் கேட்டது. ஓடினேன். மேடைக்குப் பக்கத்தில் பெண் வீட்டுச் சீரைப் பரப்பி வைத்திருந்தார்கள். பீரோ, கட்டில், கிரைண்டர், குத்துவிளக்கு, எவர்சில்வர் அண்டா. எல்லாவற்றுக்கும் முன்னால், பளபளவென்று, ரிப்பனோடு, என் நாலு பெட்டி. பாப்பாத்தி சின்னம்மா மைக்கைப் பிடித்திருந்தார். அம்மாவின் தங்கை, வாய் கொஞ்சம் பெரிது.

"பாத்துக்குங்க சனங்களே! மாப்பிள்ளையோட அக்கா மெட்ராசுல இருந்து கொண்டாந்த சீரு! நாலு பொட்டி! ஒத்தை ஆளு தூக்க முடியல, அத்தனை கனம்!"

வீடியோக்காரன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தான். பெண் வீட்டுப் பெண்கள் உள்ளே என்ன இருக்கும் என்று பந்தயம் கட்டாத குறை. வெள்ளிப் பாத்திரம் என்றாள் ஒருத்தி. அடுத்த பை மாற்ற வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

சின்னம்மாவைத் தனியாக இழுத்தேன். "சின்னம்மா, அது வேற பொட்டி. தப்பா வந்துருச்சு. ரூமுக்கு அனுப்பீருங்க."

"அட, வெக்கப்படாத கண்ணு! உன்ற பவுசு நாலு பேருக்குத் தெரியட்டும்!" மைக்கை அணைக்காமலேயே சொன்னார். கூடமே சிரித்தது.

"சீர்னு வெச்சதத் திருப்பி எடுக்கறதா?" என்று பெண்ணின் பெரியம்மா ஒருத்தி முணுமுணுத்தாள். "நல்ல அக்காதான்."

தம்பி மேடை ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது, பெட்டிக்குள் என்ன என்று அவனுக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது. அதை எழுத வெட்கமில்லை. பேசாமல் காரில் ஏறி ஈரோட்டில் ஏதாவது ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். போயிருந்தால் இணைச்சீருக்கு நேரத்தில் திரும்பியிருக்க முடியாது. பெரியப்பா மகள் நின்றிருப்பாள். அக்காக்காரி கொடுத்த சீரைப் பிடுங்கப் பார்த்துக் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று ஊர் பேசும், தம்பி அதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பான்.

சரி, என்னதான் ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு வந்தது. கைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தேன். முதல் பெட்டியின் ரிப்பனை அறுத்து, காகிதத்தைக் கிழித்து, மூடியைத் திறந்து ஒரு பையைத் தூக்கிக் காட்டினேன். சின்னம்மா கையிலிருந்த மைக் தானாக என் கைக்கு வந்தது.

"இது வெள்ளி இல்லீங்க. மருந்துத் தண்ணி. எனக்கு ரெண்டு கிட்னியும் இல்லீங்க. ஒண்ணரை வருசமா இத வெச்சுத்தான் உசுரோட இருக்கறன். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு மறைச்சு, காகிதம் சுத்துனது நாந்தான், தம்பி இல்ல. இப்ப ஒரு பை மாத்தோணும். அதுக்கு ஒரு ரூம் வேணும், அரை மணி நேரம் கதவைத் தட்டக்கூடாது. மாத்தீட்டு வந்து இணைச்சீருக்கு நிப்பேன். எதுனாலும் அப்புறம் கேளுங்க."

சின்னம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

இந்துமதியின் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். "மாப்பிள்ள, இது உங்களுக்குத் தெரியுமா?"

தம்பி, "தெரியுமுங்க மாமா" என்றான்.

"எங்களுக்கு ஏஞ் சொல்லல?"

"எனக்குச் சொன்னாருங்கப்பா." மணமகள் அறையிலிருந்து இந்துமதி வந்துகொண்டிருந்தாள். பாதிச் சடை பின்னியிருந்தது, மீதி தோளில் கிடந்தது. "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொன்னாரு. எங்க அக்காதான் என்னை வளத்துனா, அவளுக்கு ஒண்ணுன்னா நான் போவேன், அதுக்குச் சம்மதம்னா மட்டும் சரின்னு சொல்லுங்கன்னாரு. சரின்னு சொன்னது நாந்தான். உங்ககிட்டச் சொல்லாதது என்ற தப்பு."

அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார்.

"ஆகமொத்தம் எனக்கு மட்டுந்தான் தெரியாது" என்றார். சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் பெட்டியை அவரே தூக்கினார். "எந்த ரூமுங்க, மூணுங்களா? எம்மாங் கனமுங்க இது! ஏப்பா, மத்ததப் புடிங்க, வேடிக்கை பாத்துட்டு நிக்கறீங்க!"

மூன்றாம் நம்பர் அறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கல்யாண மண்டபத்தில் தாழ்ப்பாள் இருக்கிற கதவை நான் பார்த்ததே இல்லை. ரப்பர் ஆப்பை அடியில் செருகினேன். உள்ளே நானும் இந்துமதியும் மட்டும். காற்றாடியை நிறுத்தினாள். சொல்லாமலே கையை முழங்கை வரை கழுவினாள், முகமூடி போட்டாள். பட்டுச்சேலையும் முகமூடியுமாக ஒரு கல்யாணப்பெண்! ஜன்னல் கம்பியில் எஸ் கொக்கியை மாட்டிக் கொடுத்ததும், "இது நல்லாருக்குதுங்க, எங்க வாங்குனீங்க?" என்றாள்.

பை வடிந்துகொண்டிருந்தது. தெளிவாக இருந்தது. அவள் கட்டிலில் கிடந்த என் சூட்கேஸின் பெயரட்டையை எடுத்துப் பார்த்தாள். மடியிலிருந்து தம்பியின் தோல் அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"நங்கை, உங்களுக்கு பி. அவருக்கு ஓ."

"ஆமா. அதுக்கென்ன?"

"ரத்தம் சேரலீன்னு அவருகிட்டச் சொன்னீங்களாமா. ஓ, பிக்குச் சேருமுங்க. தெனமும் நான் பாக்கற வேலை இதுதான்."

"கல்யாணப் பொண்ணு பேசற பேச்சா இது? போயி தலையப் பின்னு."

அவள் அசையவில்லை. "எந்த டாக்டருங்க சொன்னாரு?"

எந்த டாக்டரும் சொல்லவில்லை. மாற்றுகிற நேரத்தில் எழுந்து போகவும் முடியாது, குழாய் மாட்டியிருக்கிறது. ரப்பர் ஆப்பு வேறு. நானே என்னைப் பூட்டிவைத்திருந்தேன்.

"அவங்கிட்டச் சொல்லீட்டயா?" என்று கடைசியில் கேட்டேன்.

"இல்லீங்க. இந்த அட்டையை இன்னைக்குத்தானுங்க பாத்தேன். அவருகிட்ட நீங்களே சொல்லோணும். இன்னைக்கு வேண்டாம், கல்யாணம் முடியட்டும். இன்னும் பத்து டெஸ்ட் இருக்குது, சேர்ந்தாலும் சேரும், சேராமலும் போகும். ஆனா பாக்காமலே சேரலீன்னு சொல்லாதீங்க."

நான் அழுதேன். முகமூடிக்குள் அழுவது மாதிரி அசிங்கம் வேறில்லை, மூக்கைத் துடைக்கவும் முடியாது.

சாயங்காலம் இணைச்சீர். வயிற்றில் மருந்துத் தண்ணீர், அதன் மேல் பட்டுச்சேலை, கையில் சீர்ப் பேழைக்கூடை. பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நின்றேன். சடங்கை நடத்துகிற அருமைக்காரர் சொல்லச் சொல்ல எல்லாம் செய்தோம். தம்பி என் பக்கத்தில் நின்றான். "யக்கா, கோவமா?" என்று வாயசைக்காமல் கேட்டான். "முன்னால பாத்து நில்லுடா" என்றேன்.

ஜூன் 5

தாலி ஏறியது. இந்துமதியின் பெரியம்மா நேராக வந்து, "சோத்துல உப்பு சேத்திக்கலாமா, ஆகாதா?" என்று கேட்டு எனக்குத் தனியாகச் சமைக்கச் சொன்னாள். சின்னம்மா இன்னும் என் கண்ணைப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் மண்டபத்தில் பாதிப்பேர் அவரவர் வியாதியை என்னிடம் சொல்லி முடித்திருந்தார்கள்.

ஜூன் 8

சென்னை வந்தாயிற்று. தண்ணீர் தெளிவு.

ஜூன் 11

தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 12

சொல்லவில்லை. மாவு அரைத்தேன்.

ஜூன் 14

சொன்னேன். ரத்தம் சேராது என்றது நானாகத்தான் என்று. கேட்ட கையோடு தம்பி போனை வைத்துவிட்டான். நான் பேசும்போது அவன் போனை வைத்தது இதுதான் முதல் தடவை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "ஒண்ணரை வருசம் யக்கா. ஒண்ணரை வருசம் நீ அந்தக் குழாயோட கெடந்தது எனக்காகவா? உனக்கு யாரு இந்த அதிகாரத்தக் குடுத்தா?" என்று சத்தம் போட்டான். தோப்புக்காரன் தொண்டை, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவன் திட்டத் திட்ட எனக்கு உடம்பு லேசானது.

"உனக்கு அப்ப பொண்ணு கிடைச்சிருக்காதுடா" என்றேன்.

"கிடைச்சாளே" என்றான்.

ஜூன் 27

நாளை கோயம்புத்தூர் பயணம். டெஸ்ட் எடுக்க. தம்பியும் இந்துமதியும் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்கள். என்ன முடிவு வரும் என்று தெரியாது. டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் சேராது என்று இனி நானாகச் சொல்லமாட்டேன்.

இந்துமதி பேசினாள். "நங்கை, இந்தத் தடவ மூட்ட முடிச்சு ஒண்ணும் வேண்டாமுங்க. நாலு நாளு தங்கோணும், மருந்துப் பையெல்லாம் ஆஸ்பத்திரிக்கே வந்து எறங்கற மாதிரி சொல்லீட்டேன். வழிக்கு வேணுங்கறத மட்டும் எடுத்துட்டு வாங்க."

மடக்கு வாளியைப் பரணில் ஏற்றினேன். நைலான் கயிறு, சங்கிலிப் பூட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் உள்ளே போயாயிற்று. வழிக்கான பை இரண்டு, மாற்றுத் துணி நாலு, அவ்வளவுதான். இவர் என் கைப்பையைத் தூக்கிப் பார்த்து, "என்ன மரகதம், இத்தனை லேசா இருக்குது, ஆள் மாறீட்டயா?" என்றார்.

ஒன்றும் மாறவில்லை. எஸ் கொக்கியில் ஒன்றை மட்டும் எடுத்துப் பக்கத்து ஜிப்பில் போட்டுக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்கும் ஒன்று கொடுக்கவேண்டும், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாளே. அதனால் இரண்டாகப் போட்டுக்கொண்டேன்.